எடை மெல்லத்தான் இறங்க வேண்டும்

வாசகியர் கேள்விகளும் உணவியல் ஆலோசகரின் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் வட்டாரங்களிலிருந்து உடல் எடை குறித்து வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். எழுதியவர்கள் அனைவரும் தாய்மார்கள். பெயர்களை அவர்களது விருப்பப்படி விட்டிருக்கிறோம். நேரமின்மையே காரணம் என்று பெரும்பாலானோர் எழுதியிருக்கிறார்கள். எனக்கோ வேறொன்று கண்ணில் பட்டது. ஒரு நாளில் ஒரு வேளையாவது தமக்கெனத் தட்டு வைத்து, உட்கார்ந்து, அளவு பார்த்துச் சாப்பிடுவதாக இவர்களில் எவரும் எழுதவில்லை. நின்றபடியும், ருசி பார்த்தபடியும், பிள்ளைகளின் மிச்சத்தைத் தீர்த்தபடியும் உண்பவருக்குத் தாம் உண்டது எவ்வளவு என்று தெரிய வழியே இல்லை. கீழே உள்ள பதில்கள் அடிக்கடி அந்த இடத்துக்கே திரும்பி வந்தால் வாசகியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 38. உயரம் 156 செ.மீ., எடை 71 கிலோ. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மகன் ஏழாம் வகுப்பும் மகள் மூன்றாம் வகுப்பும் படிக்கிறார்கள். ஐந்து மணிக்கு எழுந்து, இருவருக்கும் சாப்பாடு கட்டி, கணவருக்கும் மாமனாருக்கும் எடுத்து வைத்துவிட்டு எட்டரைக்கு ஓடுகிறேன். காலையில் காபி மட்டுமே. பதினொரு மணிக்கு அலுவலக வாசலில் இரண்டு வடையும் டீயும். மாலை வீட்டுக்கு வந்ததும் டின்னில் இருக்கும் தேன்குழலோ மாவுருண்டையோ. இரவு இரண்டு தோசையும், பிள்ளைகள் மிச்சம் வைத்ததும். மூன்று மாதத்தில் என் அண்ணன் மகளுக்குத் திருமணம். அதற்குள் பத்து கிலோ குறைக்க வழி சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: பத்து கிலோ வேண்டாம். திருமணத்துக்குள் நான்கு கிலோ குறைந்தால் அதுவே நன்றாகக் குறைந்த எடை. மீதியை அடுத்த ஆடிக்குள் பார்த்துக்கொள்ளலாம். பட்டினி கிடந்து வேகமாகக் குறைப்பவர்களுக்குக் கொழுப்போடு தசையும் கரைகிறது, பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடுகிறது. மேலும், உணவைத் திடீரென்று வெட்டினால் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கும். உங்கள் கணக்குப்படி அது சரியாகத் திருமணத்தன்று வந்து நிற்கும்.

உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவு, 29 வருகிறது. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை என்றும், 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்றும் மருத்துவர்கள் கொள்கிறார்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்து வையுங்கள். பெண்களுக்கு அது 80 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும். இதைப் படித்துக் கலங்க வேண்டியதில்லை. 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் 25-ஐத் தாண்டியவர்களே. எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது உங்களுக்கு மூன்றரை கிலோ குறைந்தாலே சர்க்கரை, இரத்த அழுத்தம், ஈரலில் படியும் கொழுப்பு ஆகிய மூன்றிலும் நன்மை தெரியத் தொடங்கும்.

இனிக் கணக்கு. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இது கடினமாக இராது. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். மாதம் ஒன்றேகால் அல்லது ஒன்றரை கிலோ குறைய, நாளொன்றுக்கு 350 கலோரி அளவுக்கு வரவைக் குறைத்துச் செலவைக் கூட்டினால் போதும். அந்த 350 உங்கள் கடிதத்திலேயே கிடக்கிறது. காபியும் டீயுமாக நாளைக்கு நான்கு முறை, முறைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் சர்க்கரை மட்டுமே 160 கலோரி. அதை அரைத் தேக்கரண்டி ஆக்கினால் 120 மிச்சம். ஒரே வாரத்தில் ஆக்க வேண்டாம், வாரத்துக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். மாலை வேளையின் மாவுருண்டை ஒன்று, அது சிறியதாக இருந்தாலும், நூறு கலோரிக்குக் குறையாது. பாசிப்பருப்பு மாவுதானே என்று நினைக்கிறோம், அதைப் பிடிக்க ஊற்றும் நெய்யையும் சேர்க்கும் சர்க்கரையையும் மறந்துவிடுகிறோம். பிள்ளைகள் மிச்சம் வைக்கும் அரைத் தோசை அறுபது எழுபது கலோரி. அதை வீணாக்க மனம் வராது என்பது எனக்குத் தெரியும். அதற்கு வழி, முதலிலேயே அவர்களுக்கு ஒன்று குறைவாக வார்த்துப் போட்டு, கேட்டால் மறுபடி வார்ப்பதுதான். உங்கள் வயிறு மிச்சம் போடும் பாத்திரம் ஆகக்கூடாது.

குறைப்பதை விட முக்கியமானது காலையில் சாப்பிடுவது. வெறும் காபியோடு மூன்றரை மணி நேரம் ஓடியாடி வேலை செய்தவருக்குப் பதினொரு மணிக்கு வடையைப் பார்த்தால் கை நீளாமல் இருக்காது. அதை மனவுறுதிக் குறைவு என்று சொல்ல மாட்டேன், அது வெறும் பசி. நான்கு டப்பா கட்டுகிறீர்கள். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்து, அதை முதலில் கட்டுங்கள்: மூன்று இட்லி, கெட்டியான பருப்புச் சாம்பார், ஓர் அவித்த முட்டை; முட்டை சேர்க்காதவர் என்றால் ஒரு கிண்ணம் பச்சைப்பயறுச் சுண்டல். அலுவலகம் போய் ஒன்பதரைக்கு உட்கார்ந்து சாப்பிட்டாலும் சரிதான். இரண்டு வடையின் கலோரியில் நான்கு இட்லி அடங்கிவிடும் என்பதால் இதில் உங்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை.

மதியத்துக்குச் செட்டிநாட்டுச் சமையலை விட்டு ஓட்ஸுக்குப் போக வேண்டும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். வெளியூர்க்காரர்கள் நம் சமையல் என்றால் எண்ணெய் மிதக்கும் கோழிக் குழம்பு என்று எண்ணுகிறார்கள். நம் வீடுகளில் அன்றாடம் வைக்கும் வெண்டைக்காய் மண்டி, கத்தரிக்காய்க் கோசமல்லி, கீரை மசியல், பருப்புத் தண்ணிக் குழம்பு, மீன் குழம்பு இவை எல்லாம் எடை குறைப்பவருக்கு ஏற்றவை. சிக்கல் இரண்டு இடத்தில்தான். ஒன்று, சோற்றின் அளவு. சமைத்த சோறு ஒரு சாதாரணக் கிண்ணம் சுமார் 200 கலோரி. மூன்று கிண்ணம் போடும் இடத்தில் ஒன்றரை போட்டு, காய்கறியை அதே அளவு கூட்டுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி கீரை உண்ணச் சொல்கிறது. நம்மில் பலர் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

இரண்டாவது, எண்ணெய். குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே வரவேண்டும் என்பது நம் சமையலின் பதம். அந்தப் பதத்தை மாற்றச் சொல்ல எனக்கே மனமில்லை. ஆனால் எண்ணெய்த் தூக்கை அப்படியே சாய்த்து ஊற்றுவதற்கும், தேக்கரண்டியால் அளந்து ஊற்றுவதற்கும் இடையே ஒரு தாளிப்புக்கு 100 கலோரி வேறுபாடு வரும், ஏனெனில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. சோம்பும் கல்பாசியும் அன்னாசிப்பூவும் மணம் விடுவதற்கு ஒரு மேசைக்கரண்டி தாராளம். சின்ன வெங்காயத்தை அகலமான இரும்புச் சட்டியில் போட்டு, அடிப்பிடிக்கும்போது எண்ணெய்க்குப் பதிலாகக் கொஞ்சம் நீர் தெளித்து வதக்கினால் நிறமும் வரும். அளவுக்கு ஒரு குறிப்பு: மேற்சொன்ன நிறுவனம் 2,000 கலோரி உண்பவருக்கு 27 கிராம் எண்ணெய், நெய் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது மாதம் ஏறக்குறைய மூன்றரை லிட்டர். மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஆறு ஏழு லிட்டர் போகிறதென்றால் எடைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நடைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. அதை ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்பதில்லை. பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும். பிள்ளைகளை டியூஷனில் விட்டுவிட்டுத் திரும்பும் நேரம், மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் என்று தொடங்கலாம். வெயில் கடுமையாக இருக்கும் மாதங்களில், பழைய வீடு வாய்த்தவர்கள் முகப்பிலிருந்து வளவைச் சுற்றிப் பின்கட்டு வரை நடந்து திரும்பலாம். தெருவுக்குத் தெரு நீண்ட வீடுகளுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரக்காலோடு வேகநடை மட்டும் வேண்டாம். வாரம் இரண்டு நாள், நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார்வதும், சுவரில் கை வைத்துத் தள்ளுவதும் செய்தால் தசை கரையாமல் இருக்கும்.

கேள்வி: எங்களுடையது பெரிய குடும்பம். திருமணம், சாந்தி, படைப்பு, புதுமனை என்று மாதம் இரண்டு விசேஷமாவது வந்துவிடும். சாப்பிடாமல் எழுந்தால் மனத்தாங்கல் ஆகிறது. வீட்டிலோ, நான் இரண்டு கிலோ குறைந்ததும் என் மாமியார், "உடம்பு வத்திப்போச்சே ஆத்தா" என்று வருத்தப்படுகிறார். இதற்கிடையே எப்படிக் குறைப்பது?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: மாதம் இரண்டு விருந்தால் எவரும் பருப்பதில்லை. விருந்து முடிந்து வீட்டுக்கு வரும் பலகாரம்தான் வேலையைக் காட்டுகிறது. அதிரசமும் சீப்புச் சீடையும் மனகோலமும் டின்னில் இருக்கும் வரை, அடுக்களைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் கை தானாகப் போகும். வந்த அன்றே பாதியைப் பக்கத்து வீட்டுக்கும் வேலை செய்பவர்களுக்கும் கொடுத்துவிட்டு, மீதியைக் கண்ணில் படாத மேல்தட்டில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து தட்டில் போட்டுச் சாப்பிடும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். டின்னிலிருந்து நேரே வாய்க்குப் போவதை நிறுத்தினாலே பாதி வெற்றி.

விருந்துக்குப் போகும் நாளில் காலையில் பட்டினி கிடக்காதீர்கள். பசியோடு பந்தியில் உட்கார்ந்தால் வெள்ளைப் பணியாரம் எத்தனை என்று எண்ணவே தோன்றாது. பரிமாறுபவர்கள் இலையில் காலியாக உள்ள இடத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே பிடித்ததை மெதுவாகச் சாப்பிட்டு, இனிப்பில் ஒரு துண்டையும் கூட்டில் கொஞ்சத்தையும் கடைசி வரை இலையில் வைத்திருந்தால், வற்புறுத்தல் வெகுவாகக் குறையும். சபையில் மறுப்பதைவிட இது எளிது.

மாமியாரிடம் எடை என்று பேச வேண்டாம். முழங்கால் வலி, சர்க்கரை என்று உள்ள காரணத்தைச் சொல்லுங்கள். அந்தத் தலைமுறை அழகுக்காக மெலிவதை ஏற்றுக்கொள்ளாது, நோய்க்காக உணவு மாற்றுவதை ஏற்றுக்கொள்ளும். இன்னொன்றும் செய்யலாம்: "அத்தை, எண்ணெய் குறைத்து அந்தக் காலத்து மண்டியும் மசியலும் நீங்கள்தான் வைத்துக் காட்ட வேண்டும்" என்று பொறுப்பை அவரிடமே கொடுத்துப் பாருங்கள். வருத்தப்படுபவர் உதவிக்கு வந்துவிடுவார்.

கேள்வி: கவுனி அரிசி சாப்பிட்டால் எடை குறையும் என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: கவுனியில் நார்ச்சத்து வெள்ளரிசியைவிட அதிகம், அதன் கருநிறத்துக்குக் காரணமான அந்தோசயனின் உடலுக்கு நல்லது. மென்று விழுங்க நேரமாவதால் குறைவாகச் சாப்பிட்டே நிறைவு வரும். ஆனால் கலோரியில் அதுவும் அரிசிதான். இரவே ஊறவைத்து, வேகவைத்து, சோறாகக் காய்கறியோடு உண்டால் நல்லது. நாம் வழக்கமாகச் செய்வது போலச் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் கலந்து உண்டால் அது விசேஷ நாளின் இனிப்பு. அந்தக் கணக்கில் வைத்துச் சாப்பிடுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு ஐந்து மாதம். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது. தாய்வீட்டில் என் ஆயா, பால் ஊற வேண்டும் என்று லேகியமும் நெய்ச்சோறும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். பிரசவத்துக்கு முன்பிருந்ததைவிட ஒன்பது கிலோ கூடுதலாக இருக்கிறேன். இப்போது உணவைக் குறைக்கலாமா?
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: தாய்ப்பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில் வழக்கமான தேவையைவிட நாளொன்றுக்கு 600 கலோரியும், அடுத்த ஆறு மாதத்தில் 520 கலோரியும் கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. ஆகவே பட்டினியோ, ஒரு வேளை மட்டும் உண்பதோ, கஞ்சி மட்டும் குடிப்பதோ உங்களுக்கு ஆகாது. நாளொன்றுக்கு 1,800 கலோரிக்குக் கீழே இறங்கவே வேண்டாம். வாரம் அரைக் கிலோ வரை மெல்லக் குறைவதால் பாலின் அளவோ குழந்தையின் வளர்ச்சியோ பாதிப்பதில்லை. பால் ஊறுவது குழந்தை அடிக்கடி நன்றாகச் சப்பிக் குடிப்பதாலும், தாய் போதுமான நீரும் உணவும் ஓய்வும் பெறுவதாலும்தான். நெய்யின் அளவைக் கூட்டிப் பாலின் அளவைக் கூட்ட முடியாது. ஆயாவின் மனம் நோகாமல் லேகியத்தைச் சுண்டைக்காய் அளவுக்குக் கொண்டுவந்து, நெய்ச்சோற்றின் இடத்தில் அவரையே சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் கீரையும் செய்து தரச் சொல்லுங்கள். அவையும் அவர் கைப்பக்குவம்தான், அவருக்கும் மகிழ்ச்சி. சுறாப்புட்டுக்கு எண்ணெய் குறைவாக இருக்கட்டும்.

எடையைவிட அவசரமான ஒன்று உண்டு. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் பிரசவத்துக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். குழந்தையின் தடுப்பூசித் தேதிகளை நாள் தவறாமல் பார்க்கும் தாய்மார்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் செய்திராவிட்டால் இந்த வாரமே செய்யுங்கள். முடிவு சரியாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை சர்க்கரை பார்த்துவாருங்கள், பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு உங்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

கேள்வி: பலகாரம் செய்து விற்கும் இடத்தில் முறுக்குச் சுற்றும் வேலை பார்க்கிறேன். அடுப்பு வாடையிலேயே இருப்பதால் பசியே எடுப்பதில்லை. மதியம் இரண்டு வாய்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் இந்த இரண்டு ஆண்டில் எட்டுக் கிலோ ஏறிவிட்டது. எப்படி என்றே புரியவில்லை.
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் கடிதத்தின் பின்பகுதியில், ஒவ்வோர் ஈடும் இறக்கியதும் வேக்காடு பார்க்க ஒரு விள்ளல் வாயில் போடுவதாகவும், உடைசல் எல்லாம் நீங்களும் உடன் வேலை செய்பவர்களும் தின்றுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விடை அங்கேதான் இருக்கிறது. எண்ணெயில் பொரித்த முறுக்கு நூறு கிராம் ஏறக்குறைய 500 கலோரி. உடைசலாகத் தின்னும்போது அது சாப்பாடு என்று மனத்தில் பதிவதில்லை. ஒரு நாள் மட்டும் ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் வாயில் போடவிருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் அதே அளவு இன்னொரு துண்டை ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டு வாருங்கள். மாலையில் அங்கேயே இருக்கும் தராசில் அதை நிறுத்துப் பாருங்கள். 

வேக்காடு பார்க்கத் தின்ன வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. எண்ணெயில் சலசலப்பு அடங்குவதும், ஒடித்தால் கேட்கும் ஓசையும் உங்களைப் போன்ற கைப்பழக்கம் உள்ளவருக்குப் போதும். உப்புக்கும் காரத்துக்கும் முதல் ஈட்டில் மட்டும் ஒரு விள்ளல் பாருங்கள். அடுப்பு வாடையில் பசி மந்தமாவது உண்மை, ஆகவே மதிய உணவை அடுப்படியை விட்டு வெளியே, முகம் கழுவிக்கொண்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பழையதும் மோரும் சுண்டலும் என்றால்கூட நன்று. அனலில் நிற்கும் உடம்பு தாகத்தையும் பசி என்று எண்ணிக்கொள்ளும் என்பதால் நீர்மோர் ஒரு சொம்பு அருகில் இருக்கட்டும். நாள் முழுதும் நிற்கிறோமே, உடற்பயிற்சி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நின்ற இடத்தில் நிற்பது நடை ஆகாது. வீடு திரும்பும்போது ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடந்தால் உங்களுக்கு அதுவே போதும். அதற்குமேல் சொன்னால் அது உங்கள் உழைப்பை அறியாத அறிவுரை ஆகிவிடும்.

கேள்வி: தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனால் எடை குறையுமா?
— ஒரு வாசகி, குன்றக்குடி

பதில்: நடந்து போய்த் திரும்பியவர்கள் எடை பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு எழுதும் கடிதங்கள் மாசி மாதத்தில் வருவதுண்டு. நீண்ட நடைக்குப் பின் களைத்த தசைகளில் நீர் கோத்துக்கொள்வதால் முதல் சில நாள் எடை கூடவே காட்டும். வழியெங்கும் அன்னதானமாகக் கிடைக்கும் சோறும் பொங்கலும் காபியும் வேறு இருக்கின்றன. வேண்டுதலுக்காகப் போங்கள், எடைக்காக வேண்டாம். ஆனால் அதற்கான பயிற்சி நடை வேறு விஷயம். திருக்கார்த்திகை முடிந்ததும் நாள்தோறும் அரை மணி நேரம் என்று தொடங்கி, வாரந்தோறும் கொஞ்சம் கூட்டி வந்தால், 70 கிலோ உள்ளவருக்கு அரை மணி வேகநடைக்கு ஏறத்தாழ 130 கலோரி செலவாகும். வழியில் கால் கொப்புளமும் முழங்கால் வலியும் குறையும். பயிற்சியைத் தைப்பூசத்தோடு நிறுத்தாமல் இருப்பவருக்குத்தான் எடையில் பயன்.

கேள்வி: ஆறு மாதத்தில் ஐந்து கிலோ குறைத்தேன். இப்போது இரண்டு மாதமாக ஊசிமுனை அளவும் அசையவில்லை. வயது 44. என்ன தவறு?
— ஒரு வாசகி, புதுவயல்

பதில்: தவறு எதுவும் இல்லாமலும் இப்படி ஆகும். உடல் சிறுத்தால் அதை இயக்கத் தேவைப்படும் ஆற்றலும் குறைகிறது, ஆகவே முதல் மாதம் எடையைக் குறைத்த அதே உணவு, ஏழாம் மாதம் எடையைக் காப்பதற்கு மட்டும் போதுமானதாகிவிடுகிறது. ஐந்து கிலோவை இரண்டு மாதம் ஏறவிடாமல் வைத்திருப்பது குறைத்ததற்கு நிகரான வேலை. முதலில் இடுப்பை அளந்து பாருங்கள். எடை நின்ற போதும் சுற்றளவு குறைந்துகொண்டிருக்கலாம். பிறகு ஒரு வாரம், வாயில் போவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். அளந்து ஊற்றிய எண்ணெய் மறுபடி சாய்த்து ஊற்றும் எண்ணெயாக மாறியிருப்பது பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். எடை பார்ப்பதை வாரம் ஒரு நாள், காலையில், ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் நீர் சேர்ந்து ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டும்.

உங்கள் வயதில் இரண்டு பரிசோதனைகள் தேவை. ஒன்று டி.எஸ்.எச். என்னும் தைராய்டு இரத்தப் பரிசோதனை; தைராய்டு குறைவால் ஏறும் எடை சில கிலோதான் என்றாலும் சோர்வும் மலச்சிக்கலும் சேர்ந்து நடையையே நிறுத்திவிடும். மாத்திரை எடுப்பவராக இருந்தால் வெறும் வயிற்றில் விழுங்கி அரை மணிக்குப் பிறகே காபி குடிக்க வேண்டும். மற்றொன்று ஹீமோகுளோபின், முன்பு சொன்ன அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தச்சோகை இருந்தது. மூச்சு வாங்குவதைச் சோம்பல் என்று எண்ணித் தம்மையே திட்டிக்கொள்ளும் பெண்கள் பலர். உறக்கத்தையும் பாருங்கள். பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுபவருக்குப் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது, இனிப்பின் மேல் நாட்டம் மிகுகிறது. அரை மணி முன்னதாகப் படுப்பதற்கு, இரவுப் பாத்திரத்தை வீட்டில் வேறொருவர் கழுவினால் முடியும்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் பாலில் கலக்கும் பொடி விற்கிறார். இரண்டு வேளை உணவுக்குப் பதிலாகக் குடிக்கச் சொல்கிறார். வாரம் ஒரு முறை போடும் ஊசியும் வந்திருக்கிறதாமே?
— ஒரு வாசகி, கோட்டையூர்

பதில்: பொடி குடிக்கும் வரை குறையும், நிறுத்தியதும் பழைய உணவுக்குத் திரும்புவீர்கள், எடையும் திரும்பும். வீட்டில் ஐந்து பேருக்குச் சமைத்துவிட்டுத் தான் மட்டும் பொடி கரைத்துக் குடிக்கும் ஏற்பாடு நெடுநாள் நடக்காது. ஊசி வேறு. அது பசியை அடக்கி நன்றாகவே வேலை செய்யும் மருந்து, அதனாலேயே பி.எம்.ஐ., சர்க்கரை, மற்ற நோய்கள் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கருவுற்றிருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் பாலூட்டுபவர்களும் போடக்கூடாது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் மீண்டும் ஏறும். அழகு நிலையத்திலோ தெரிந்தவர் மூலமாகவோ வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நான் சோற்றைக் குறைத்து, அடிக்கடி எடை பார்ப்பதைப் பார்த்துவிட்டு, எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளும் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்கிறாள். "நானும் குண்டா இருக்கேன்ல அம்மா" என்கிறாள். அவள் குண்டாகவும் இல்லை. என்ன செய்வது?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: இதை உடனே கவனிக்க வேண்டும். பூப்பெய்தும் வயதில் உடல் உயரத்துக்கும் எலும்புக்கும் இரத்தத்துக்கும் உணவைக் கேட்கிறது. அந்த வயதில் வேளை தவறவிட்டால் இரத்தச்சோகையும் மாதவிடாய்க் கோளாறும் வரும். எடைக்கருவியைக் கூடத்திலிருந்து உங்கள் அறைக்கு மாற்றுங்கள். உங்கள் உடம்பையோ மற்றவர் உடம்பையோ குறித்து அவள் எதிரில் "குண்டு", "பெருத்துவிட்டேன்" என்று பேசுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும்; விசேஷ வீடுகளில் உறவினர்கள் அவளிடம் அப்படிக் கேலி பேசினால் அங்கேயே நீங்கள் குறுக்கிட்டுப் பேச்சை மாற்றுங்கள். இரவுச் சாப்பாட்டை இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே உணவாகச் சாப்பிடுங்கள்: உங்களுக்கு இரண்டு தோசை என்றால் அவளுக்கு மூன்றும் ஒரு முட்டையும், அல்லது ஒரு தம்ளர் பாலும். அவள் தொடர்ந்து உணவை மறுத்தாலோ, சாப்பிட்டதும் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாலோ, ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் வராமல் இருந்தாலோ, குழந்தைகள் மருத்துவரிடம் தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள். போகும்போது அவளது கடந்த ஆண்டு உயரம், எடை குறித்த பள்ளிப் பதிவு இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.